பன்றி இல்லாத தீவுக்கு ஒரு கூடாரம்

1988இல் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவுக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போக அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மாநில அரசின் வேட்டை உரிமம் வேண்டும். துப்பாக்கியோ வில்லோ வேண்டும். தீவின் கிழக்கு முனையைக் குத்தகைக்கு எடுத்து வேட்டைக்காரர்களைத் தங்கவைத்தவர்களுக்குக் கட்டணம் வேண்டும். கடலைக் கடக்க ஒரு படகு. அவ்வளவுதான். இன்று அதே கிழக்கு முனையில் கூடாரம் அடித்து இரவு தங்க என் மகள் எழுதி வைத்திருக்கும் பட்டியல் பக்கம் தாண்டி ஓடுகிறது. காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணையும் விதையையும் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும் என்பது அதன் முதல் வரி.

இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் அந்தத் தீவில் நடந்ததை நான் எதிர்க்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வேலை, வீடு, குழந்தை என்று காலம் போனபோதும் தீவைப் பற்றிய செய்தி வந்தால் அந்தத் தாளைக் கத்தரித்து வைப்பேன். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன்.

தீவு பெரியது. பரப்பு ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர். தெற்குக் கலிஃபோர்னியாக் கரையோரத்தில் இருக்கும் சானல் தீவுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும், மழை விட்ட மறுநாள் காலையில் சாந்தா பார்பரா கடற்கரையில் நின்றால் அதன் மலைமடிப்புகள் கண்ணுக்குத் தெரியும். நான் அங்கே மாணவனாக இருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் மலையைப் பார்த்தபடி கண்விழித்து வளர்ந்தவன். அமெரிக்கா போன புதிதில் என் மனம் ஒட்டியது பல்கலைக்கழகத்தோடு அல்ல, கடலுக்குள் நின்ற அந்த மலையோடுதான்.

வேட்டைப் பேச்சைத் தொடங்கியவர் எங்கள் ஆய்வகத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்த்த பெரியவர். வாலிபத்தில் அந்தத் தீவில் பன்றி சுட்டவர். ஓக் மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளைத் தின்று வளர்ந்த பன்றியின் இறைச்சிக்கு ஈடே இல்லை என்று அவர் சொல்லும்போது, மதிய உணவுக்கு ரொட்டி கடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு நாவில் நீர் ஊறும். எங்களுக்கு என்றால் எனக்கும், என் அறைவாசியான திண்டுக்கல்காரனுக்கும், எங்கள் எல்லாருக்கும் மூத்தவரான யாழ்ப்பாணத்து அண்ணைக்கும். அண்ணை 1983க்குப் பிறகு வந்தவர். பேசிக்கொண்டே இருப்பார், ஊர்ப் பேச்சு வந்தால் மட்டும் சட்டென்று நிறுத்திவிடுவார். பன்றிப் பேச்சு அவரை மறுபடி ஊருக்குள் கூட்டிப் போனது.

"தம்பி, பண்டிக்குப் பின்னால ஓடித் திரியக்கூடாது. அது தண்ணிக்கு வரும். நீங்க தண்ணியடியில போய்க் காத்திருக்கவேணும்" என்பார். சிறு வயதில் மாமாவோடு வன்னியில் தங்கிய நாட்களில் குளக்கரையில் பரண் கட்டி இராமுழுக்க இருந்ததைச் சொல்வார். அங்கே கையில் இருந்தது இடியன் துவக்கு. ஒரே வெடிதான்; அது பிசகினால் மறுபடி மருந்து இடித்து நிரப்புவதற்குள் பன்றி காடு மாறிவிடும். கிடைத்த இறைச்சியை உப்பும் மஞ்சளும் பூசி வெயிலிலும் புகையிலும் காயவைத்து வத்தல் போடுவார்கள். "வத்தல் எண்டா மாதக்கணக்கில கிடக்கும். இங்க உங்கட ஐஸ்பெட்டி ரெண்டு நாளைக்குக் காணாது."

என் வீட்டிலும் வேட்டைக் கதை உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால், நிலக்கடலை விளையும் காலத்தில் தாத்தாவும் ஊர்க்காரர்களும் வலை, வேல்கம்பு, நாய்களோடு மலையடிவாரம் போவார்கள். விழுந்த பன்றியை வைக்கோல் போட்டு வாட்டி, மயிரைச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, வாழையிலையில் கூறு வைப்பார்கள். முதல் குத்து குத்தியவருக்கு ஒரு கூறு கூடுதல். வராதவர் வீட்டுக்கும் ஒரு கூறு போகும். நான் பிறந்தபோது அதெல்லாம் முடிந்துபோயிருந்தது. கதை மட்டும் தாத்தாவோடு இருந்தது. பார்க்காத வேட்டையின் மேல் எனக்கு இருந்த ஏக்கத்தை வெறும் நாக்குருசி என்று சொல்லிவிட முடியாது. ஊர் கூடிச் செய்த ஒரு காரியத்தில் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை அது. அயல்நாட்டில் அந்த ஆசை இரட்டிப்பாகும்.

திட்டம் போட்டோம். மஞ்சள் தாளில் திண்டுக்கல்காரன் எழுதினான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெரியவரிடம் துப்பாக்கியும் உரிமமும் இருந்தன; சுடுவது அவர் பொறுப்பு. அண்ணை தடம் பார்ப்பார். நானும் திண்டுக்கல்காரனும் தூக்குவது, அறுப்பது, சமைப்பது. கத்தி, சாணைக்கல், தேங்காய்நார்க் கயிறு கிடைக்காததால் நைலான் கயிறு, கோணிச்சாக்கு, மஞ்சள்தூள், கல்லுப்பு, மிளகு, காய்ந்த மிளகாய், ஊரிலிருந்து வந்த எவர்சில்வர் குண்டான், அரிசி என்று பட்டியல் வளர்ந்தது. சின்ன வெங்காயத்துக்குப் பெரிய விவாதம் நடந்தது. சாந்தா பார்பராக் கடைகளில் அதற்கு நெருக்கமாகக் கிடைத்த ஒன்றின் விலை எங்கள் உதவித்தொகைக்கு ஒத்துவரவில்லை. "மாப்ள, பன்னிக்கறிக்குப் பெரிய வெங்காயமாடா போடுறது?" என்று அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

எங்களுக்குப் பெரிய கவலை இறைச்சியைக் கெடாமல் கொண்டுவருவதுதான். பன்றி விழுந்தது முதல் அது ஒரு பந்தயம். உடனே குடலை எடுத்துச் சூடு தணிக்க வேண்டும். பள்ளத்திலிருந்து கரைவரை கம்பில் கட்டித் தூக்கி வர வேண்டும். காட்டுப்பன்றி இறைச்சியில் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும் என்பதால் உள்வரை நன்றாக வேக வேண்டும் என்று பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கிழக்கு முனையின் ஸ்கார்ப்பியன் பள்ளத்தாக்கில் பழைய பண்ணைக்காரர்கள் நட்ட தைலமரத் தோப்பு உண்டு. அதன் நிழலில் கூடாரம், அதன் விறகில் அடுப்பு. தைலமர விறகு புகைக்கும், வாசனை இறைச்சியில் ஏறும் என்றேன். வேறு விறகு எடுத்துப் போகலாம் என்று முடிவானது. தீவிலிருந்து எதைக் கொண்டுவரலாம் என்பதே எங்கள் பேச்சு முழுவதும். தீவுக்குள் எதைக் கொண்டுபோகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்பவர்கள் அந்தத் தீவை ஆராய்ந்த சிலர் மட்டுமே.

பயணம் நடக்கவில்லை. வசந்தகாலத்தில் சானல் நீரிணையில் வடமேற்குக் காற்று மதியத்துக்கு மேல் எழும்பும். சிறிய படகுக்கு அது ஆபத்து. ஒத்திவைத்தோம், மறுபடி ஒத்திவைத்தோம். பிறகு அண்ணை டொராண்டோவுக்குப் போனார். திண்டுக்கல்காரன் படிப்பை முடித்து ஊர் திரும்பினான். பெரியவர் ஓய்வுபெற்றார். மஞ்சள் தாள் என்னிடம் தங்கியது.

நாங்கள் திட்டம் போட்டபோது கண்ணில் படாமல் இருந்தது எவ்வளவு என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஸ்கார்ப்பியன் என்று நாங்கள் அறிந்த அந்த இடம் சுமாஷ் பழங்குடி மக்களின் ஸ்வாஹில் என்ற பெரிய கிராமம். தீவுக்கு அவர்கள் வைத்த பெயர் லிமுவ். சானல் தீவுகளில் மனிதர் வாழ்ந்ததற்கு ஏறக்குறைய 13,000 ஆண்டுப் பழமையான எலும்புச் சான்று பக்கத்துச் சாந்தா ரோசா தீவில் கிடைத்திருக்கிறது. சாந்தா குரூஸின் கிழக்குப் பகுதியில் கிடைக்கும் கல்லில் நுண்ணிய துளைப்பான்களைச் செய்து, கடற்சிப்பியைத் துளைத்து மணிகளாக்கினார்கள். அந்த மணிகள் தெற்குக் கலிஃபோர்னியா முழுவதும் பணமாகப் புழங்கின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மை போன்ற நோய்களாலும் மதப்பணி நிலையங்களின் நெருக்கடியாலும் அந்த மக்கள் தீவைவிட்டு நீங்கினார்கள். 1850களில் பண்ணைக்காரர்கள் செம்மறியையும் பன்றியையும் கொண்டுவந்தார்கள். தப்பிய பன்றிகள் காட்டில் பெருகின. கிழங்குக்கும் புழுவுக்கும் மண்ணைக் கிளறிய அவை சுமாஷ் மக்களின் குப்பைமேடுகளையும் இடுகாடுகளையும் சேர்த்துக் கிளறின. நாங்கள் அடுப்பு மூட்ட நினைத்த இடத்தைச் சுற்றிலும் ஒரு மக்களின் முன்னோர் கிடந்தார்கள்.

நரியைப் பற்றியும் எங்களுக்குத் தெரியாது. பெரியவர் போகிற போக்கில் சொன்னது உண்டு: "சின்ன நரி ஒன்று சுற்றும், ரொட்டியை வெளியில் வைக்காதீர்கள்." அந்தத் தீவுநரி உலகில் சானல் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். தீவில் அதை வேட்டையாட எதுவும் இல்லாததால் பட்டப்பகலில் வெட்டவெளியில் நடமாடும். ஆபத்து வானத்திலிருந்து வரும் என்பது அதற்குப் பழக்கமில்லை.

வந்தது. எப்படி வந்தது என்பதுதான் என்னை இன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் 1947 முதல் டிடிடி தயாரித்த மான்ட்ரோஸ் ஆலையின் கழிவு, சாக்கடைக் குழாய் வழியாகப் பல ஆண்டுகள் கடலில் கலந்தது. மீனில் ஏறி, மீனைத் தின்ற வெண்தலைக் கழுகில் ஏறி, முட்டை ஓட்டை மெலியவைத்தது. தாய் அமர்ந்தாலே முட்டை நொறுங்கும். 1960களுக்குள் சானல் தீவுகளில் வெண்தலைக் கழுகு அற்றுப்போனது. அது தன் எல்லைக்குள் வேறு கழுகை நுழையவிடாத பறவை. காவல் போனபின் 1990களில் பெருநிலத்திலிருந்து பொன்னாங்கழுகு தீவுக்கு வந்து கூடு கட்டியது. அதற்கு ஆண்டு முழுவதும் இரை இருந்தது: பன்றிக்குட்டிகள். பன்றிக்குட்டியை நம்பிக் குடியேறிய கழுகு, இடையில் அகப்பட்ட நரியையும் தூக்கியது. செம்மறிகள் மேய்ந்து மொட்டையாக்கிய மலைச்சரிவில் நரி ஒளியப் புதரும் இல்லை. 1994 வாக்கில் சாந்தா குரூஸில் ஏறக்குறைய 1,500 நரிகள். பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கும் கீழே. பக்கத்துச் சான் மிகேலிலும் சாந்தா ரோசாவிலும் தலா பதினைந்துதான் மிஞ்சின.

பன்றி ஒரு நரியைக்கூடக் கடித்ததில்லை. அது அங்கே இருந்ததாலேயே நரி செத்தது. இதை முதலில் படித்தபோது என்னால் இருக்கையில் உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய்த் தீவைப் பார்த்தேன். நான் ஆசைப்பட்ட விலங்கு, ஓர் ஆலை, ஒரு பறவை, இன்னொரு பறவை, பூனையளவு நரி எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுக் கிடந்தன.

அப்படியானால் வேட்டைக்காரர்களை இன்னும் அதிகமாக அனுப்பியிருந்தால் போதாதா? பலர் அப்போது அப்படித்தான் கேட்டார்கள். நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். தாத்தாவின் பேரன் அதை நம்ப விரும்புவதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1960களிலிருந்து அந்தத் தீவுக்கு வேட்டைக்காரர்கள் கட்டணம் கட்டிப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். பன்றி குறையவில்லை. ஒரு தாய்ப்பன்றி ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டி போடும். குட்டிகள் வளர்ந்து ஓராண்டுக்குள் தாமும் ஈனத் தொடங்கும். வேட்டைக்கு வருபவர் பெரிய கடாவைத் தேடுவார். எஞ்சியவை அந்த இடத்தை நிரப்பிவிடும். அதற்கும் மேலாக, பொழுதுக்காக வேட்டையாடுபவருக்கு அடுத்த ஆண்டும் பன்றி வேண்டும். அவரை அழைத்துப் போகிறவருக்கும் வேண்டும். கடைசிப் பன்றியைச் சுடுவது அவர்கள் தொழிலுக்கே முடிவு. எங்கள் மஞ்சள் தாளின் மூலையில்கூட "அடுத்த வருஷம் பெரிய குண்டான்" என்று எழுதியிருக்கிறது. வேட்டை மேல் ஆசை கொண்டவர்களே பன்றியை அந்தத் தீவில் வாழவைத்தார்கள் என்பது என் துணிபு. வெறுப்பினால் அல்ல, விருப்பத்தினால் ஒரு விலங்கைக் காப்பாற்றி வைப்பதும் வேட்டைதான். நம் மன்னர்களும் ஜமீன்தார்களும் காடுகளைக் காத்ததும் அந்த விருப்பத்தால்தான். ஆனால் சாந்தா குரூஸில் அந்த விருப்பத்தின் விலையை வேறோர் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

தீவின் பெரும்பகுதி நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பிடம் இருந்தது. கிழக்கு முனை 1997இல் முழுமையாகச் சானல் தீவுகள் தேசியப் பூங்காவின் கைக்கு வந்தது, வேட்டை நின்றது. அதன் பிறகு நடந்த வேலைகளின் வரிசையை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் சலிக்காது. எதை முதலில் செய்வது என்பதே பெரிய கேள்வி. பன்றியை முதலில் ஒழித்தால், குட்டி கிடைக்காத பொன்னாங்கழுகு மிச்சமிருக்கும் நரிகள் மேல் முழுமூச்சாக இறங்கும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதனால் பொன்னாங்கழுகுகளை உயிரோடு பிடித்துக் கிழக்குக் கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் விட்டார்கள். சில ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்டவை பிடிபட்டன. மிஞ்சிய நரிகளில் சிலவற்றைக் கூண்டில் வைத்துக் குட்டி போடச் செய்தார்கள். 2002 முதல் இளம் வெண்தலைக் கழுகுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2006இல் சாந்தா குரூஸில் ஒரு வெண்தலைக் கழுகுக்குஞ்சு தானாகப் பொரிந்தது. ஐம்பதாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அந்தத் தீவுகளில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அந்தச் செய்தியை நான் என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அப்போது பள்ளிச் சிறுமி.

அதே நேரத்தில் பன்றிகள் செத்துக்கொண்டிருந்தன. நியூசிலாந்திலிருந்து வந்த தேர்ந்த வேட்டைக்குழு 2005இல் வேலையைத் தொடங்கியது. தீவை வேலியால் ஐந்து பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியாகப் பொறி வைத்தும், ஹெலிகாப்டரிலிருந்து சுட்டும், நாய்களை விட்டும் தேடினார்கள். கடைசியில் ஒளிந்திருப்பவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ஒலிபரப்பி கட்டிய பன்றிகளை அனுப்பினார்கள். பன்றி தனித்திருக்காது, தன் இனத்தைத் தேடிப் போகும். அது போன இடத்தில் மற்றதும் இருந்தது. ஓராண்டுக்குச் சற்று மேல் காலத்தில் 5,036 பன்றிகள். பெரும்பாலானவை ஹெலிகாப்டரிலிருந்து சுடப்பட்டு, விழுந்த இடத்திலேயே விடப்பட்டன.

நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. கரையில் எதிர்ப்புப் பதாகைகள் நின்றன. நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அதே சமயம் அந்த எதிர்ப்பை எள்ளவும் எனக்கு மனமில்லை. டொராண்டோவிலிருந்து அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"ஒண்டும் விடாமலோ தம்பி?"

"ஒன்றுகூட விடக்கூடாது அண்ணே. ஒரு சினைப்பன்றி தப்பினால் எல்லாம் வீண்."

"இறைச்சியும் எடுக்கேல்லையோ?"

"எடுக்கவில்லை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சுடுறது வேற. சுட்டதைப் போட்டுட்டுப் போறது வேற. எங்கட ஆக்கள் அதைச் செய்யமாட்டினம்."

அவர் சொன்னது சரி. தாத்தாவும் அதையேதான் சொல்லியிருப்பார். கூறு போடாத வேட்டை எங்கள் இருவருக்கும் வேட்டையே ஆகாது. ஹெலிகாப்டருக்குச் சாலை வேண்டாம். ஆனால் மலைச்சரிவின் ஒவ்வொரு மடிப்பிலும் விழுந்த பன்றியைக் கரைக்குக் கொண்டுவர வழியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 5,036 உயிர்களின் இறப்பு ஒருவர் இலையிலும் சோறாக விழவில்லை என்ற எண்ணம் என்னை நெடுநாள் வருத்தியது, இன்றும் வருத்துகிறது. ஆனாலும் அந்த முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன். பன்றிக்கு உலகம் முழுவதும் வீடு உண்டு. அந்த நரிக்கு அந்தத் தீவுகளைவிட்டால் நிற்க இடமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அங்கே வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலைக்கு மனிதர்கள் கொண்டுவந்த பிறகு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பது கருணை ஆகாது.

கம்பத்தில் இருக்கும் என் தம்பி இதைக் கேட்டதும் துள்ளினான். மக்காச்சோளத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போன படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டே இருப்பவன். "அங்க ஹெலிகாப்டர்ல சுடுறாங்க. இங்க நாங்க ராத்திரி டார்ச்சோட காவல் கிடக்கோம். இங்கயும் அப்படிச் செஞ்சா என்ன?" அவன் இழப்பு உண்மையானது. அதற்கு அரசு உடனே, முழுதாக ஈடு கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீவின் கதையை அப்படியே மேகமலைக்குத் தூக்கிவர முடியாது. இனம் ஒன்றுதான். அங்கே அது கப்பலில் வந்து இறங்கியது. இங்கே அது காட்டின் பழைய குடி. புலியும் சிறுத்தையும் செந்நாயும் அதைத் தின்று வாழ்கின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் பன்றி இல்லாவிட்டால் புலிக்கு இரை குறையும். அவனோடு இந்தச் சண்டை தீரவில்லை. பொங்கலுக்குப் பேசும்போதும் இதுதான்.

நரிகள் மீண்டன. 2004இல் அருகிவரும் இனமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த நரிகளில் வடக்குத் தீவுகளின் மூன்று வகைகளும் 2016இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அமெரிக்காவின் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் வரலாற்றில் வேறெந்தப் பாலூட்டியும் இவ்வளவு விரைவாக மீளவில்லை. சாந்தா குரூஸில் மட்டும் எண்ணிக்கை 2,000 அளவுக்கு வந்தது. எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 1980களின் கடைசியில் மாடுகளை அகற்றியபோது, அவை மேய்ந்து அடக்கி வைத்திருந்த சோம்புச் செடி ஆளுயரத்துக்கு மேல் எழும்பிப் பள்ளத்தாக்கை மூடியது. நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே சோம்பு. அதுவும் பண்ணைக் காலத்தில் வந்ததே. பன்றி கிளறிப்போட்ட மண் அதற்கு வசதியாக இருந்தது. அர்ஜென்டினா எறும்பு நுழைந்தபோது, நஞ்சு கலந்த சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய ஜெல் மணிகளை வானிலிருந்து தூவி அழித்தார்கள். ஒன்றை அகற்றினால் அது அமுக்கி வைத்திருந்த இன்னொன்று தலைதூக்கும். அந்தத் தீவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓய்வு கிடையாது. அவர்கள் பொறுமை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இப்போது மகளின் பட்டியலுக்கு வருகிறேன். வென்சுராத் துறைமுகத்திலிருந்து பூங்காவின் அனுமதி பெற்ற படகு. ஸ்கார்ப்பியன் கரைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். படகு இருக்கையை உறுதி செய்த பிறகே முகாம் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். இடம் உண்டு, படகு இல்லை என்று ஏமாந்தவர்கள் ஏராளம். விறகு கூடாது, தீ மூட்டக்கூடாது. மூடிய சிறிய எரிவாயு அடுப்பு மட்டும். செடி, மண், வெட்டிய பூ, நாய் எதுவும் கூடாது. அட்டைப்பெட்டி கூடாது, ஏனென்றால் அதன் மடிப்புக்குள் எறும்பும் பூச்சியும் பயணம் செய்யும். கூடாரத்தை வீட்டு முற்றத்தில் விரித்து உதற வேண்டும். கடைசியாக எந்தக் காட்டில் அதை விரித்தோமோ அந்தக் காட்டின் விதை அதில் இருக்கும். காலுறையில் ஒட்டிய புல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒரு எலி உணவுப்பையில் ஏறிவிட்டால் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு ஆபத்து. அதனால் பையை ஏற்றுமுன் திறந்து பார்க்க வேண்டும்.

தைலமர நிழலில்தான் முகாம். ஒவ்வொரு இடத்திலும் நரியும் அண்டங்காக்கையும் திறக்க முடியாத உணவுப்பெட்டி உண்டு. காக்கை பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கும். சாப்பாடு முடிந்ததும் கரண்டிவரை பெட்டிக்குள் போக வேண்டும். மீந்ததைக்கூட அங்கே கொட்டக்கூடாது. குப்பை முழுவதும் நம்மோடு கரைக்குத் திரும்ப வேண்டும்.

என்ன சமைப்பது என்பதில் மகள் உறுதியாக இருக்கிறாள். தண்ணீர் அதிகம் வேண்டாத, கொதித்து வழியாத எதுவும் சரி. ரவை வறுத்து எடுத்துக்கொள்கிறோம். புளியோதரைக்குக் காய்ச்சிய புளி. எலுமிச்சை ஊறுகாய். வறுத்த கறி எடுக்கலாமா என்று கேட்டேன். வாசனை தூரத்துக்குப் போகும், நரியைக் கூடாரத்துக்குப் பழக்கிவிடும் என்றாள். மனிதர் உணவுக்குப் பழகிய நரி படகுத்துறையிலேயே காத்துக்கிடக்கும், தன் இரையைத் தேடாது. அவள் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது.

சுமாஷ் மக்களின் வழித்தோன்றல்கள் 2001 முதல் தங்கள் மரக்கலமான டோமோலைத் துடுப்பிட்டுப் பெருநிலத்திலிருந்து லிமுவுக்கு வருகிறார்கள். கரையில் அவர்கள் உறவினர் கூடி வரவேற்பார்கள். அந்த நாட்களில் நாம் அங்கே கூட்டம் சேர்க்கக்கூடாது என்று மகள் நாட்காட்டியைப் பார்த்து வேறு வாரம் தேர்ந்தெடுத்தாள். அதை அவளாகவே யோசித்தது எனக்குப் பெருமை.

அண்ணையிடம் சொன்னபோது அவருக்கு இப்போதும் தீவின் மேல் ஆசை போகவில்லை. பன்றி இல்லாத இடத்துக்கு எதற்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். "தண்ணியடியில காத்திருந்தா அந்த நரி வருமோ?" என்றார். வரும் என்றேன், காத்திருக்கவே வேண்டாம், பகலிலேயே பக்கத்தில் நடந்து போகும். அவர் முழங்காலுக்குப் பெரிய ஏற்றம் ஆகாது. கரையிலிருந்து கீழ் முகாம் ஒரு கிலோமீட்டருக்குள், சமதரை. மேல் முகாம் இன்னும் தூரம். அக்டோபரில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், நீரும் அவ்வளவு குளிராது. படகில் மூவருக்கு இருக்கை கேட்டாயிற்று. கீழ் முகாமில் தோப்பின் ஓரத்து இடம் கிடைக்கிறதா என்று மகள் நாளை காலை பதிவு திறந்ததும் பார்க்கப் போகிறாள்.